காட்டுப் பூக்களுக்கு ஓர் அடைக்கலம்

மைசூர் சாமுண்டி மலைப் படிகளில் ஏறுகிறவர்கள், ஓரத்தில் பூத்திருக்கும் தும்பையைத் திரும்பிப் பார்ப்பது இல்லை. காட்டுச் செடிதானே, தானாக முளைக்கும், தானாகப் பூக்கும் என்பது எல்லோருடைய எண்ணம்.

ஆனால், முளைக்க இடமே இல்லாமல் போன காட்டுப் பூக்களும் உண்டு. அவற்றைக் காப்பாற்றவே ஒரு தோட்டம், மைசூரை அடுத்த வயநாட்டில் இருக்கிறது. எச்.டி.கோட்டை, பாவலி வழியாக மானந்தவாடி போய், அங்கிருந்து பேரியா மலைப் பகுதிக்குச் செல்ல வேண்டும். தோட்டத்தின் பெயர் 'குருகுலத் தாவரச் சரணாலயம்'.

ஜெர்மன்காரர் தொடங்கினார்

இதை 1981-ல் தொடங்கியவர், ஜெர்மனியில் பிறந்த உல்ப்காங் தொயர்காப். இவர் நடராஜ குருவின் வழி வந்தவர். அந்தக் குருவின் தந்தை டாக்டர் பல்பு, மைசூர் சமஸ்தானத்தில் வைத்தியராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேயிலைக்கும் காபிக்கும் அணைகளுக்கும் காடு அழிந்தது. அங்கே அழியும் நிலையில் இருந்த செடிகளைத் தொயர்காப் தேடிக் கொண்டு வந்து நட்டார். இன்று அங்கே ஆயிரக்கணக்கான வகைச் செடிகள் வளர்கின்றன.

மரத்தில் பூக்கும் காசித்தும்பை

நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பையின் இனத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூறு வகைக்கு மேல் உண்டு. சில வகை, நீர் கசியும் பாறையில்தான் வளரும். சில வகை, பாசி படிந்த மரக்கிளையில்தான் பூக்கும். விதையைத் தூவிவிட்டு வந்துவிட்டால் இவை பிழைக்கமாட்டா. நிழலும் ஈரமும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தேடித் தரவேண்டும். களையும் எடுக்கவேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்கள். பட்டம் பெற்றுக் கற்ற வித்தை அல்ல; ஆண்டுக்கணக்கில் மண்ணில் கைவைத்துக் கற்றது.

தோட்டத்தின் பணிக்காக, லண்டனில் வழங்கப்படும் விட்லி விருது 2006-ல் சுப்ரபா சேஷனுக்குக் கிடைத்தது. 2014-ல் தொயர்காப் காலமானார். அவர் போனபிறகும் பணி நிற்கவில்லை.

படிக்க வருவோருக்கு

இது உல்லாசப் பயணத்துக்கான இடம் அல்ல. செடிகளைப் பற்றி அறிய விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்லவேண்டும். பாவலி வழியாகச் செல்வோர் கவனிக்க: அந்தக் காட்டுப் பாதை இரவில் மூடப்படும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். பாடத்தைச் சாமுண்டி மலையிலேயே தொடங்கலாம். தேவராஜ மார்க்கெட்டில் முழம்போட்டு விற்கும் மல்லிகையை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். படியோரத்துத் தும்பை தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காட்டிக் கொடுங்கள். கன்னடத்திலும் அதற்குத் 'தும்பே' என்றே பெயர். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும்.

பெயர் தெரிந்த செடியைப் பிடுங்கி எறிய யாருக்கும் மனம் வராது.