செதில் குறைந்த கோய் மீன்: ஜோடி சேர்ப்பதில் கவனம் தேவை

வண்ண மீன் வளர்ப்பில் கோய் என்னும் வண்ணக் கெண்டைக்குத் தனி மதிப்பு உண்டு. அதிலும் உடல் முழுவதும் செதில் மூடாமல், முதுகில் மட்டும் பெரிய செதில்கள் வரிசையாக மின்னும் ரகங்கள் பார்ப்பவர் கண்ணைக் கவரும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கிணற்று நீரும் சிமெண்டுத் தொட்டியும் உள்ள சிறு விவசாயிகள் இவற்றை வளர்க்கலாம். ஆனால் அழகான இரண்டு மீன்களைக் கூடுதல் விலைக்கு வாங்கி ஜோடி சேர்த்தால், குஞ்சுகள் எல்லாம் அதே அழகோடு பிறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில ஜோடிகளில் கால் பங்கு முட்டைகள் வீணாகிவிடும்.

ரகங்கள் வந்த வழி

கோய் தனி இனம் அல்ல. குளங்களில் வளர்க்கப்படும் சாதாக் கெண்டையின் வண்ண வடிவமே ஆகும். ஜப்பானில் நீகாட்டா மலைப் பகுதி விவசாயிகள், உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் நிறம் மாறிப் பிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்து, பல தலைமுறைகள் வளர்த்து இதை உருவாக்கினர். 1904-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியிலிருந்து செதில் குறைந்த கெண்டைகள் ஜப்பானுக்குச் சென்றன. அவற்றுடன் உள்ளூர் வண்ண மீன்களைக் கலந்ததில் 'டாய்ட்சு' எனப்படும் ரகங்கள் கிடைத்தன. நீல முதுகில் பெரிய செதில்கள் வரிசையாக அமைந்த 'ஷூசூய்' இவ்வகையைச் சேர்ந்தது. செதில்கள் வைரப்பொடி தூவியதுபோல் மின்னும் 'கின்ரின்', ஒவ்வொரு செதிலின் நடுவும் கருத்திருக்கும் 'மட்சுபா' ஆகியவையும் உண்டு.

செதில் குறைந்த கெண்டை தமிழகத்திற்குப் புதிதல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கெண்டைகளில், ஆங்காங்கே பெரிய செதில்கள் மட்டும் உள்ள கண்ணாடிக் கெண்டையும் இருந்தது.

செதில் அமைப்பு நால்வகை

உடல் முழுதும் செதில் உள்ளது செதில் கெண்டை. சிதறிய பெரிய செதில்கள் கொண்டது கண்ணாடிக் கெண்டை. பக்கவாட்டில் ஒரே வரிசையாகச் செதில் உள்ளது வரிக் கெண்டை. ஏறக்குறைய செதிலே இல்லாதது தோல் கெண்டை. இந்த வேறுபாடு இரண்டு மரபணுக்களால் வருகிறது என்பதை 1930-களில் கிர்ப்பிச்னிகோவ் உள்ளிட்ட சோவியத் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினர்.

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மீனுக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. செதிலைச் சிதறச் செய்யும் மரபணு இரு பக்கமிருந்தும் வந்தால்தான் கண்ணாடிக் கெண்டை பிறக்கும். எனவே செதில் மூடிய மீனும் அந்த மரபணுவை ஒரு பிரதியாக மறைவில் வைத்திருக்கலாம்.

செதிலை மேலும் குறைக்கும் மற்றொரு மரபணுவில்தான் ஆபத்து உள்ளது. அது ஒரு பிரதி வந்தாலே மீன் தோல் கெண்டையாகவோ வரிக் கெண்டையாகவோ ஆகிவிடும். இரண்டு பிரதியும் வந்துவிட்டால், குஞ்சு பொரிக்கும் தறுவாயிலேயே இறந்துபோகும்.

ஜோடியும் பலனும்

தோல் கெண்டையுடன் தோல் கெண்டையைச் சேர்த்தால், கருவுற்ற 100 முட்டைகளில் சுமார் 25 இறக்கும். 50 தோல் கெண்டையாகவும், 25 கண்ணாடிக் கெண்டையாகவும் வரும். தோல் கெண்டையுடன் கண்ணாடிக் கெண்டையைச் சேர்த்தாலும் தோல் குஞ்சுகள் அதே 50 கிடைக்கும். மீதி 50-ம் கண்ணாடிக் கெண்டையாகும். இந்த மரபணுவால் இழப்பு இல்லை. கண்ணாடிக் கெண்டை இரண்டைச் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் கண்ணாடிக் கெண்டையே. வரிக் கெண்டை இரண்டைச் சேர்த்தாலும் கால் பங்கு இழப்பு நேரும். ஆகவே ஜோடியில் ஒன்று கண்ணாடிக் கெண்டையாக இருப்பது நல்லது.

இவையெல்லாம் செதிலுக்கான கணக்கு மட்டுமே. நிறம் இப்படிக் கணக்காக இறங்குவதில்லை. நல்ல நிறமுள்ள பெற்றோருக்கும் மட்டமான நிறத்தில் குஞ்சுகள் ஏராளமாகப் பிறக்கும். தரம் பிரித்துக் கழிப்பதற்குத் தனித் தொட்டி வைத்திருக்க வேண்டும்.

வளர்ப்பு முறை

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். அதை உயரத்திலிருந்து கொட்டி, ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். சினை மீன்களை விடும் தொட்டியில் வேலம்பாசி அல்லது அலசிய நைலான் நாரைப் போட்டுவைத்தால் முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். முட்டையிட்டதும் பெரிய மீன்களை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் முட்டைகளைத் தின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் 2 முதல் 3 நாட்களில் குஞ்சு பொரிக்கும்.

தோல், வரி ரகங்கள் மற்றவற்றைவிட மெதுவாக வளரும். பிராணவாயுக் குறைவையும் வெப்பத்தையும் அவ்வளவாகத் தாங்கா. எனவே கோடையில் இவற்றை நெருக்கமாக விடாமல், தொட்டிக்கு நிழல் அமைத்து, விடியற்காலையில் நீரைக் கவனிக்க வேண்டும். செதில் இல்லாத தோலில் எளிதில் காயம்படும் என்பதால் மெல்லிய வலையையே பயன்படுத்த வேண்டும்.

கழித்த குஞ்சுகளை ஓடையிலோ ஊர்க் குளத்திலோ விடுவது கூடாது. கெண்டை சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்த் தாவரங்களை அழித்துவிடும். அவற்றைத் தனியே வளர்த்து உணவு மீனாக விற்கலாம்.

முதலில் ஒரே ஒரு ஜோடியுடன் தொடங்கி, எந்த ஜோடிக்கு எவ்வகைக் குஞ்சுகள் எத்தனை வந்தன என்று ஏட்டில் குறித்து வருவது நல்லது. அடுத்த முறை விலை கொடுத்து மீன் வாங்கும்போது அந்தக் குறிப்பே கைகொடுக்கும். தொழில்நுட்ப ஆலோசனைக்கு மீன்வளத் துறை அலுவலகத்தையோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம்.