படகிழுத்த பாதையிலே

பிரான்சு தேசத்துக்குச் சென்று மீண்டேன் என்று அறிந்த நாள்முதலாக, ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் வினவுவது ஈபெல் கோபுரத்தைப் பற்றியே. அதனைத் தூரத்தே நின்று கண்டேன், பெரிதாகத்தான் இருந்தது. ஆயின், அங்கே நான் கழித்த பதினெட்டு நாள்களுள் நெஞ்சைவிட்டு நீங்காதவை ஆறு நாள்களே. அந்த ஆறு நாள்களும் மோட்டார் வண்டி ஒன்றேனும் புகாத ஒரு பாதையிலே, துவிச்சக்கரவண்டியின் மீதிருந்து கழிந்தவை. ஐம்பத்தாறு வயதுப் பண்டிதன் ஒருவனுக்கு இது தகுமோ என்று முகஞ்சுளிப்பவர் இவ்விடத்திலேயே வாசிப்பை நிறுத்திவிடலாம்.

ஏற்பாடு என் தமக்கையின் மகனுடையது. இருபதாண்டாகப் பாரிஸ் நகரில் வாழ்பவன். "மாமா, நீங்கள் முப்பது வருஷமாய்ச் சைக்கிளிலைதானே பள்ளிக்கூடம் போய்வாறியள், இங்கையும் ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்" என்றான். அவனும், பாரிஸிலே பிறந்த அவனுடைய பதின்மூன்று வயது மகளும், நானுமாக வண்டிகளோடு புகையிரதமேறி, மேற்கே ரெதொன் என்னும் சிறு நகரில் இறங்கினோம்.

அந்நிலத்தின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். பிரான்சின் வடமேற்கு மூலையில், அத்திலாந்திக் சமுத்திரத்துள் நீட்டிய கைபோலக் கிடப்பது பிரெத்தாஞ் என்னும் நாடு. அதன் மேற்கு முனையில் பிரெஸ்ற் என்ற கடற்படைத் துறைமுகம். தென்கிழக்கே லுவார் நதிக்கரையில் நாந்த் நகரம். இவ்விரண்டையும் நாட்டின் நடுவேயுள்ள ஆறுகளைத் தொடுத்து இணைக்கும் கால்வாய் ஏறக்குறைய 360 கிலோமீற்றர் நீளமுடையது. நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயரின் கப்பல்கள் பிரெஸ்ற் துறையைக் கடற்புறத்தே வளைத்து நின்றன. கடல்வழி அடைபட்டால் பண்டமும் படைக்கலமும் நிலத்தின் ஊடே செல்லட்டும் என்பது அவன் எண்ணம். 1811ஆம் ஆண்டளவில் தொடங்கிய வேலை, வழி முழுவதும் திறக்கப்பட 1842 ஆயிற்று. அதற்குள் அவன் வாட்டர்லூவிலே தோற்று, தீவொன்றிலே சிறையிருந்து, 1821இல் இறந்தும் போனான். எப்பகைவருக்கு அஞ்சிக் கால்வாயை வெட்டினரோ அப்பகைவரோடு சமாதானமாகி ஒரு தலைமுறை கழிந்த பின்னரே அது முற்றுப்பெற்றது. பின்னர்க் கூரைக்கல்லும் சுண்ணாம்பும் உரமும் ஏற்றிய படகுகள் சில காலம் ஓடின. புகையிரதம் வந்தது, படகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அப்படகுகளுக்கு இயந்திரம் இல்லை. கரையில் நடக்கும் குதிரை கயிற்றினால் இழுத்துச் செல்லும். குதிரை வாங்க வசதியற்றவர் தாமே மார்பிற் பட்டை பூட்டி இழுத்தனர்; மனைவியரும் இழுத்தனர். அவ்வாறு இழுப்பதற்கெனக் கரையோரத்தே விடப்பட்ட தடமே இன்றைக்குத் துவிச்சக்கரவண்டியும் நடைபயணிகளும் செல்லும் பாதையாயிற்று. 2004ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வீதிச் சட்டத்தில் 'பசும்பாதை' என்றொரு வகை சேர்க்கப்பட்டது. இயந்திரமில்லா வண்டிக்கும், காலால் நடப்பவர்க்கும், குதிரைமேற் செல்வோர்க்கும் மட்டும் உரியதாக அது அப்போது வகுக்கப்பட்டது. பழைய கால்வாய்க் கரைகளும், தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய புகையிரத வழிகளும் அத்தேசம் எங்கும் இவ்வாறு மாறி வருகின்றன. குதிரைக்கும் புகைவண்டிக்கும் ஏற்றம் ஆகாது. ஆதலால் இவ்வழிகள் பெரும்பாலும் சமதரையாகவே கிடக்கின்றன. என் முழங்கால்கள் நெப்போலியனுக்கு நன்றி செலுத்தின.

பாதையின் மேற்பரப்பு தாரன்று. நொறுக்கிய கல்லும் மணலும் கலந்து இறுக்கியது. நம்மவர் 'கிரவல்' என்பது இதனையே. இவ்வகைப் பாதைக்கென அகன்ற சக்கரத்தோடு செய்யப்படும் வண்டியைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலச் சொல்லால் 'கிரவல்' என்றே வழங்குகின்றனர் என மருமகன் கூறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலேயர் அச்சொல்லைப் பெற்றதே பழைய பிரெஞ்சிலிருந்து. பழைய பிரெஞ்சு பெற்றதோ அதற்கு முன்னிருந்த கெல்த்திய மொழியிலிருந்து. கொடுத்த கடனைப் பிறர் பொருளென்று எண்ணி வட்டியோடு திரும்ப வாங்குவது மொழிகளுக்குள் புதிதன்று.

முதல் நாள் என் குற்றம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பேத்தி ஊஸ்ற் நதியைக் காட்டி, "தாத்தா, இந்த ஆத்துத் தண்ணி சரியான அளகு" என்றாள். 'அழகு' என்று திருத்தினேன். பிறகு 'பழம்' என்பதைத் திருத்தினேன். 'அவை வந்தது' என்றாள். ஒருமை பன்மை விளக்கினேன். மாலையில் மலெத்ருவா என்னும் பழைய ஊரை அடைந்தபோது அவள் தந்தையோடு பிரெஞ்சிலும், என்னோடு தலையசைப்பிலும் பேசிக்கொண்டிருந்தாள். களைப்பாக்கும் என்று எண்ணி உறங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஜொஸ்லென். ஆற்று நீரிலிருந்தே எழுந்தாற்போல மூன்று வட்டக் கோபுரங்களோடு ரொஆன் குடும்பத்தாரின் கோட்டை நிற்கிறது. இன்றும் அவர்களுக்கே உரியது. நாம் உண்டது கோட்டையின் எதிர்க்கரையில், கறுப்புக் கோதுமை மாவில் வார்த்த 'கலெத்' என்னும் மெல்லப்பம். பெயர்தான் கோதுமை, உண்மையில் அது கோதுமை இனத்தைச் சேர்ந்ததன்று. கல்லில் விரியும்போது தோசை என்றே மயங்கினேன். வாயிலிட்டபின் அம்மயக்கம் தெளிந்தது.

அதற்கப்பால்தான் கால்வாயின் உண்மையான தொழில் விளங்கிற்று. நாந்துக்கும் பிரெஸ்றுக்கும் இடையே இருநூற்றுக்கு மேற்பட்ட மடைகள் அமைக்கப்பட்டன. மடை என்றது, இருபுறமும் கதவுடைய கற்றொட்டி. படகு உள்ளே புகுந்ததும் பின்கதவைச் சாத்தி மேல்நீரை விட்டால், நீரோடு படகும் ஓராள் உயரமோ அதனினும் மேலோ எழும்; முன்கதவைத் திறந்து அப்பாற் செல்லும். ரொஆன் ஊருக்கும் பொந்திவி நகருக்கும் இடையே ஒரு நதியின் பள்ளத்தைவிட்டு மற்றொரு நதியின் பள்ளத்துக்கு மலையேறி இறங்க வேண்டியிருப்பதால், மடைகள் படிக்கட்டுப்போல அடுத்தடுத்து வருகின்றன. உச்சியில் நீருக்கு எங்கே போவது? பொஸ்மெலெயாக் என்னுமிடத்தே அணைகட்டி, இல்வெர்ன் உச்சிக்கு ஓடை ஒன்று வெட்டினர். பறவை செல்லும் தூரம் இருபது கிலோமீற்றரளவு; ஓடையோ குன்றுகளின் இடையைச் சுற்றிச்சுற்றி அறுபது கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. சரிவு குறையாமலும் மிகாமலும் நீரை நடத்திவந்த அப்பொறியியலாளரை எண்ணி, வண்டியை நிறுத்தி வெகுநேரம் நின்றேன்.

மடைதோறும் மடைகாவலருக்கு ஒரு சிறு வீடு. பல பூட்டிக்கிடக்கின்றன, சில தேநீர்ச்சாலையாகவும் தங்குமனையாகவும் மாறிவிட்டன. ஊர்கள் அழகியவை, ஆனால் ஆளற்றவை. திங்கட்கிழமை ரொட்டிக்கடை தேடி நாம் மூன்று ஊர் அலைந்தோம். வழிகாட்டி நூல்கள் படங்களையே அச்சிடுகின்றன. பூட்டிய கடைகளை அச்சிடுவதில்லை.

மோட்டார் வண்டியில்லாத பாதை எனக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் இருமி ஓடிய சில வண்டிகள் நீங்கலாக, நம் வீதிகள் யாவும் துவிச்சக்கரவண்டிக்கே உரியவாயிருந்தன. நோயாளியையும், நெல்மூடையையும், மணப்பெண்ணையும் அதிலேதான் ஏற்றினோம். அந்த அமைதியில் எப்போதும் ஒரு செவி வானத்தை நோக்கியிருக்கும். இல்வெர்ன் உச்சியிலும் ஏதோ ஓர் உழவியந்திரத்தின் ஒலி தூரத்தே எழுந்தபோது மருமகனும் நானும் ஒருங்கே அண்ணாந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்றும் பேசாமல் மிதித்தோம். பேத்தி மட்டும் முன்னே போய்க்கொண்டிருந்தாள்.

பொந்திவியைக் கடந்தால் கால்வாய் திடீரென ஒரு பெருஞ்சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. 1930இல் முடிவுற்ற கெர்லெதான் மின்னணை அது. படகேற்ற வழி விடாமையால் கால்வாய் இரண்டாகத் துண்டுபட்டது. பதினேழு மடைகள் ஏரியின் அடியில் ஆழ்ந்தன. 2015இல் அணையைச் சோதிப்பதற்காக நீர் முழுவதையும் இறக்கியபோது, மடைவீடுகளும் இழுபாதையும் சேற்றுள்ளிருந்து வெளிப்பட்டன. காணப் பெருந்திரளான மக்கள் சென்றனராம். நாம் சென்றபோது நீர் நிரம்பி அமைதியாயிருந்தது. 1967இல் மூடப்பட்ட ஒரு சிறு புகையிரத வழியே, மரநிழலூடே ஏரியைச் சுற்றிச்சென்று, 1184இல் நிறுவப்பட்ட பொன் ரெப்போ துறவிமடத்தருகே மீண்டும் கால்வாயை அடைந்தோம்.

ஐந்தாம் நாள், குவாரெக் ஊருக்கு அப்பால் ஒரு மடையோரத்தே மழைக்கு ஒதுங்கினோம். எண்பது கடந்த முதியவர் ஒருவரும் அங்கே நின்றார். நாம் பேசும் மொழி யாது என்று பேத்தியிடம் வினவினார். அவள் கூறினாள். உடனே அவர் நெடுநேரம் பேசத் தொடங்கினார். மருமகன் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு சற்று எட்ட நின்றமையால், மொழிபெயர்ப்பது அவள் கடனாயிற்று.

"தாத்தா, இவர் சின்னனிலை வீட்டிலை பிரெத்தோன் மட்டுந்தான் கதைச்சவராம். பள்ளிக்கூடத்திலை அதைக் கதைச்சா ஒரு மரச் செருப்பைக் கயித்திலை கட்டி களுத்திலை போடுவினமாம். பிறகு வேறை ஆரும் கதைக்கிறதைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் களட்டலாமாம். பின்னேரம் ஆற்றை களுத்திலை இருக்குதோ அவருக்கு அடி."

அந்நாட்டுப் பள்ளிகளில் இக்கொடுமை நடந்ததை நூல்களில் வாசித்திருக்கிறேன்; 1977இல் பிரெத்தோன் மொழியிலேயே கற்பிக்கும் திவான் பள்ளிகள் தோன்றியதையும் அறிவேன். ஆனால் இக்கதையை 'களுத்து' என்ற சொல்லோடு கேட்டபோது, திருத்துவதற்காக என் நாக்கு தானே எழுந்தது. எழுந்த நாக்கை அடக்கிக்கொண்டேன். நான்கு நாளுக்குப் பின் அவள் என்னோடு தொடர்ந்து பேசிய தமிழ் அது. முதியவர் தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பிக்கவில்லை என்றும் அவள் சொன்னாள். ஏன் என்று கேள் என்றேன். "வெக்கமாம்" என்றாள்.

காலடியிலிருந்து ஒரு பிடி சரளையை அள்ளி, இதற்கு அவர் மொழியில் என்ன பெயர் எனக் கேட்குமாறு சொன்னேன். "குருவான்" என்றார் அவர். நான் தேடிய கெல்த்தியச் சொல்லின் உறவினன் மழையில் நனைந்தவாறு என் எதிரே நின்றான். சொல்லின் கதையைப் பேத்திக்கு விளக்க, அவள் அவருக்கு விளக்கினாள். அவர் தம் வாயால் 'கிரவல்' என்று இருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஆறாம் நாள் கிளொமெல். கால்வாயின் மிக உயர்ந்த இடம் அது. கடல்மட்டத்துக்கு மேல் 184 மீற்றர். அங்கே குன்றைப் பிளந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றருக்கு ஓர் ஆழ்ந்த அகழி வெட்டப்பட்டிருக்கிறது. 1823 முதல் 1832 வரை அதனை வெட்டியவர் பிரெஸ்ற் சிறையிலிருந்து கொணரப்பட்ட நூற்றுக்கணக்கான குற்றவாளிகள். மதுரையில் வந்தியின் பங்கை அடைக்கவேனும் ஒருவன் கூலியாளாக வந்தான். இவர்கள் பங்குக்கு ஒருவரும் வரவில்லை. இரு கரையும் இன்று மரஞ்செறிந்து, நண்பகலிலும் இருண்டு, குளிர்ந்து கிடக்கின்றன. நீர் அசைவதில்லை.

ஈர இலையில் சறுக்கி நான் விழுந்தது அங்கேதான். முழங்கை தோலுரிந்தது. பேத்தி ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, கழன்ற சங்கிலியைப் பல்லில் மாட்டிக்கொண்டே, "தாத்தா, செயினுக்குத் தமிழிலை என்ன?" என்றாள்.

சங்கிலி என்றேன். அது தனக்குத் தெரியும், கழுத்தில் போடுவதல்லவா அது, இதற்குத் தனிச்சொல் இல்லையா என்று கேட்டாள். முப்பதாண்டு தமிழ் கற்பித்தவன் சற்று யோசித்தேன். காரெ என்னும் ஊரில் புகையிரதம் ஏறும்வரை இருபது கிலோமீற்றர் இருந்தது. அதுவரை அதைப்பற்றியே பேசிக்கொண்டு சென்றோம்.