கணிப்பொறியில் வால்வுப் பெருக்கி

டிரான்சிஸ்டர் பரவிய பின் வால்வுகள் பெரும்பாலும் மறைந்தன. எனினும் கிதார் ஒலிபெருக்கிகளில் அவை இன்றும் வழங்குகின்றன. அத்தகைய மின்சுற்றினை அமைப்பதற்கு முன்பே கணிப்பொறியில் இயக்கிப் பார்த்தல் இயலும்.

இதற்குதவும் 'ஸ்பைஸ்' என்னும் நிரல், அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1973-இல் வெளிவந்தது. அதில் டிரான்சிஸ்டர் இடம்பெற்றது, வால்வு இடம்பெறவில்லை. ஆகவே வால்வின் இயல்பைச் சமன்பாடாக்கி அளித்தல் வேண்டும்.

அதற்கு அடிப்படை, சைல்டு 1911-இலும் லாங்மியூர் 1913-இலும் வெளியிட்ட விதியாகும். மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கிற்கு நேர்விகிதத்தில் மாறும். அதாவது, அழுத்தம் 4 மடங்கானால் ஓட்டம் 8 மடங்காகும். டிரையோடு வால்வில் கிரிட் என்னும் கம்பிவலையின் செயலும் சேரும். 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. எனவே கிரிட்டில் நேரும் 1 வோல்ட் மாறுதல், நேர்மின்வாயில் நேரும் 100 வோல்ட் மாறுதலுக்கு ஒப்பாகும்.

கிரிட்டின் எதிர் அழுத்தம் மிகும்பொழுது, விதி கூறுமாறு ஓட்டம் சட்டென நிற்பதில்லை, மெல்லத் தேய்கிறது. நார்மன் கோரன் 1996-இல் வெளியிட்ட சமன்பாடு இதனையும் தழுவியது. கிரிட் நேர் அழுத்தம் பெற்றால் தானும் மின்னோட்டத்தை ஈர்க்கும். இதனைச் சேர்க்காத மாதிரி, ஒலிச்சிதைவைத் தவறாகக் காட்டும்.

வால்வுச் சுற்றில் 300 வோல்ட் வரையிலும், அதற்கு மேலும் அழுத்தம் இருத்தல் கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் அது தங்கி உயிருக்கு ஊறு செய்யலாம். மாணவர் செய்யும் பிழைகள் முதற்கண் கணிப்பொறியிலேயே நிகழ்வது நன்று. ஆயினும் ஒரே வகை வால்வுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டாதலின், முடிவான சான்று அளவுமானியே.