கேச் கோப்புறை இல்லாத நிலையும் கட்டளைவரிக் கருவிகளின் கடப்பாடும்: தமிழ்ப் பனுவல் ஆய்வை முன்வைத்து

முன்னுரை

சங்கம் வளர்த்த மதுரையின் பெயரைத் தாங்கி 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தமிழ் நூல்கள் பலவற்றை மின்பதிப்பாகக் கட்டணமின்றி வழங்கிவருகிறது. இத்தகைய மின்பதிப்புகளிலிருந்து சொல்வருகை எண்ணிக்கை முதலியவற்றைத் தொகுக்கக் கட்டளைவரிக் கருவிகள் பயன்படுகின்றன. ஒருமுறை தரவிறக்கிய பனுவலையும் கணித்த இடைநிலை முடிவையும் மறுபயன்பாட்டிற்காக இக்கருவிகள் சேமித்துவைக்கும் இடமே கேச் கோப்புறை. ஆய்வாளர் வேறு கணினிக்கு மாறும்போதும், வட்டில் இடம் வேண்டிக் கோப்புகளை அழிக்கும்போதும் அது இல்லாமற்போகிறது. அந்நிலையில் கருவி எவ்வாறு இயங்கவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நெறியும் நடைமுறையும்

லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில் பெரிதும் பின்பற்றப்படும் எக்ஸ்டிஜி அடிப்படைக் கோப்புறை வரையறை, எழுத முனையும்போது கோப்புறை இல்லையெனில் அதனை 0700 என்னும் அனுமதியுடன், அதாவது உரிமையாளர் மட்டுமே அணுகும் வகையில், உருவாக்க முயலவேண்டும் என்கிறது. உருவாக்க இயலாத நிலையையும் கருவி எதிர்கொள்ள ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வரையறையின் கூறாகும். பைத்தான் நிரல்தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி, கேச் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாதபோது எச்சரிக்கை தந்து, கேச் இன்றியே பணியைத் தொடர்கிறது. பைத்தானும் தொகுத்த நிரலைச் சேமிக்க இடமில்லாதபோது நிரலை நிறுத்தாமல் இயக்குகிறது. இரண்டிலும் குறைவது விரைவே, விளைவு மாறுவதில்லை.

ஆய்வு முடிவுக்கு நேரும் இடர்

இந்நெறி பிறழும்போது நேரும் கேடு இருவகைப்படும். முதலாவது, கருவி இடையில் நின்றுவிடுதல். இது தொல்லையாயினும் வெளிப்படையானது. இரண்டாவது, கோப்புறை இல்லாமையைத் தரவு இல்லாமையாகக் கொள்ளுதல். மூலத்தை மீண்டும் பெறாமல் வெற்றுத் தொகுப்பை எண்ணும் கருவி, தேடிய சொல்லின் வருகையைச் சுழியம் எனத் தரும். 'அச்சொல் அந்நூலில் பயிலவில்லை' என்னும் பொய்முடிவு ஆய்வேட்டில் இடம்பெற இதுவே வழியாகும்.

எச்சரிக்கை செல்லும் வழியும் கருதத்தக்கது. அது முடிவுகளோடு கலந்து வெளிவந்தால், அடுத்த கருவி அதன் சொற்களையும் சேர்த்து எண்ணிவிடும். ஆதலின் பிழைச்செய்திகளுக்கென அமைந்த தனி வெளியீட்டு வழியே அது செல்லவேண்டும்.

முடிவுரை

கேச் கோப்புறை இல்லையெனில் கருவி அதனை உருவாக்கவேண்டும். இயலாவிடில் ஒருமுறை எச்சரித்து, மூலத்திலிருந்தே பணியைத் தொடரவேண்டும். மூலமும் கிட்டாதபோது எண்ணிக்கை எதனையும் தராமல், பிழையை அறிவித்து நிற்கவேண்டும். கேச் கோப்புறையை அழித்தபின் ஒருமுறை இயக்கி, இரு முடிவுகளையும் ஒப்பிடுவது ஆய்வாளர் தம் கருவியைச் சோதித்தறிய எளிய வழியாகும்.