உமணர் விளியும் அவைக் குரலும்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்த மரக்காணம் உப்பளங்களாற் பெயர்பெற்ற ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. அந்நூலைப் பாடிய நத்தத்தனார்க்குரிய இடைக்கழிநாடும் இதற்கு வடக்கே அணித்தே உளது. கடலும் கழியும் அளமும் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்நெய்தல் நிலத்தை முன்னிறுத்தி, ஆசிரியரும் வழக்கறிஞரும் அவையேறிப் பேசும் பிறரும் தம் குரலைப் பேணிப் பயன்கொள்ளுமாறு யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொருள் புதிது போலத் தோன்றினும் நம் இலக்கணநூலார் இதனை அறியாதவர் அல்லர்.

அகநானூற்றின் 140, 390 ஆம் பாட்டுக்கள் இரண்டும் அம்மூவனார் பாடியவை. இரண்டிலும் உமணர் குடிப் பெண்ணொருத்தி உப்பை நெல்லுக்கு ஒப்ப மாற்றிக்கொள்ளுமாறு சேரியிற் கூவி விலை கூறுகின்றாள். முன்னைப் பாட்டில், கேட்டுப் பழகாத அக்குரலுக்கு மனைநாய் குரைக்கின்றது. புலவர் அந்நாயைக் கொணர்ந்தது வீண் அன்று என்பது எம் கருத்து. தெருவில் எழுந்த குரல் மனையகத்தே சென்று சேர்ந்தது என்பதும், சேர்ந்தது பிறர் குரலின் வேறாகத் தோன்றியது என்பதும் அக்குரைப்பால் ஒருங்கே பெறப்படும். அவைக்குரல் வேண்டுவனவும் இவ்விரண்டே.

இனி, இக்கூவுதலின் இயல்பை இலக்கணம் கூறுமாறு காண்போம். தொல்காப்பியர் விளிமரபில், சேய்மைக்கண் உள்ளாரை விளிக்குங்கால் பெயர்கள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும் என்றார். பவணந்தியார் இன்னும் விரித்து, உயிரும் ஒற்றும் மாத்திரையின் எல்லை கடந்து இசைக்கும் இடங்களாக இசை, விளி, பண்டமாற்று முதலியவற்றை எண்ணினார். பாணனோடும் சேய்மையோனை அழைப்பானோடும் தெருவிற் கூவி விற்பாளையும் ஒருநிரலில் வைத்த இலக்கணம் நம்முடையது. கண்ணிமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் கொண்டு எழுத்தை அளந்தவர்கள், அவ்வளவு எங்கே செல்லாது என்பதையும் கேட்டறிந்தே எழுதினர்.

இவ்விதியின் காரணத்தை இக்கால ஒலியியல் தெளிவாக்குகின்றது. பேச்சொலியின் ஆற்றலிற் பெரும்பகுதி உயிரெழுத்துக்களில் உள்ளது. ஒரு சொல்லைப் பிறிதொரு சொல்லினின்றும் பிரித்துக்காட்டும் பணியிற் பெரும்பகுதியோ மெய்யெழுத்துக்களின்பாலது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். சுவரும் கூரையும் இல்லாத அளவெளியில் எதிரொலித்துத் துணைசெய்வதும் இல்லை. ஆதலின் தொலைவிற் கூவுவார் உயிரை நீட்டுகின்றனர். உப்பு என்பது ஒரு சொல்; கேட்போர் அதனை முன்னரே எதிர்நோக்கி இருப்பர். மெய் சிறிது தேய்ந்தாலும் பொருள் கெடாது.

அவையுரை அத்தகையது அன்று. கேட்போர் எதிர்நோக்காத சொற்களே அங்கு மிகுதி. ஆயினும், பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றவுடன் நம் ஆசிரியர்கள் செய்வது யாது? விளிப்பார் போல் உயிரை நீட்டிக் கத்துகின்றனர். ஓசை மிகும், சொல் மிகாது. பயன் இன்மையின் மேலும் கத்துவர். மாலையிற் குரல் கம்மும்.

தமிழ்த் தொடரின் அமைப்பு இவ்விடரைப் பெருக்குகின்றது. நம் மொழியில் முடிபு இறுதியில் நிற்கும். எதிர்மறையும் ஆண்டே நிற்கும். தொடரின் தொடக்கத்தில் மூச்சு முழுதும் செலவாயின், தேய்ந்து மறைவது தொடரின் உயிர்நிலையாகிய முடிபே. ஓர் ஆய்வரங்கில் முதுகலை மாணவர் ஒருவர், 'இப்பாடபேதம் ஏடெழுதினோர் பிழை அன்று' என முடித்தார். 'அன்று' என்பது அவர் நாவளவில் நின்றது. பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, ஏட்டைப் பிழை என்று தள்ளும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கடிந்துரைத்தார். மாணவர் கொண்ட கருத்தும் அவர் கருத்தே என்பது அறியப்படுவதற்குள் அவைத்தலைவர் மணியடித்துவிட்டார். அம்மாணவர் அதன்பின் ஈராண்டு எவ்வரங்கிலும் வாய்திறந்திலர். யாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்நிகழ்ச்சியே.

மூச்சைப் பற்றிப் பிறப்பியல் கூறுவது ஈண்டு நினைக்கத்தக்கது. உந்தியினின்று எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி எழுத்தாகின்றது என்பர் தொல்காப்பியர். வளி உறைவது நுரையீரலில் எனினும், அதனைச் சீராகச் செலுத்துவது உந்தியைச் சூழ்ந்த தசைகளும் உதரவிதானமுமே ஆதலின், குரல் பயில்வார்க்கு அவ்வாசிரியர் காட்டிய தொடக்கம் இன்றும் பொருந்தும். மிடற்றினுள் நிகழ்வதை உயிருள்ளார்மாட்டுக் கண்ணாற் கண்டு விளக்கியவர் மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். சிறு கண்ணாடி ஒன்றைத் தம் வாயினுட் செலுத்தித் தம் குரல்நாண்களைக் கண்ட அவர், அக்காட்சியை 1855ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்திற்கு அறிவித்தார். ஆடவர்க்கு அந்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், மகளிர்க்கு 200 முறை அளவிலும் அதிர்கின்றன. ஒருமணிப்பொழுது பாடஞ்சொல்வார் மிடற்றில் நிகழும் மோதல்களை எண்ணிப்பார்ப்பார்க்கு, தோளை உயர்த்தி, கழுத்தை இறுக்கி, மேல்நெஞ்சால் மூச்சிழுத்துப் பேசுதலின் கேடு விளங்கும். விலா விரிய, வயிறு முன்வர மூச்சுக்கொண்டு, தொடரின் முடிபுவரை அதனைப் பகிர்ந்து செலவிடுதல் வேண்டும். தொடர் நீளின் மூச்சு விடுமிடத்தை முன்னரே கையெழுத்துப்படியிற் குறித்துக்கொள்க. எச்சத்தின் பின் நிறுத்தலாம். முடிபின் முன் நிறுத்தலாகாது.

யாம் எம் மாணவரிடம் கையாளும் முறை எளியது. ஒருவர் ஓர் உரைப்பகுதியை மேடையினின்று படிப்பார். கடைசி இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு தொடரின் இறுதிச்சொல்லை மட்டும் எழுதுவார். பின்னர் இரண்டையும் ஒத்துப்பார்ப்போம். கேளாத சொற்கள் பெரும்பாலும் குற்றியலுகரத்தில் முடிவனவாக இருத்தலை மாணவரே கண்டுகொள்வர். அரைமாத்திரையினது ஆதலின் அது தேய்தல் எளிது. அதற்கு முன்னுள்ள வல்லொற்றை அழுத்திச் சொல்லின் குரலை உயர்த்தாமலே சொல் கேட்கும்.

ஓசையை ஏற்றியும் தாழ்த்தியும் கூறுதலும் அணிக்காக மட்டும் அன்று. வந்தான் என்பது வினைமுற்றாதலையும் வினையாலணையும் பெயராதலையும் எடுத்தலோசையும் படுத்தலோசையும் கொண்டு உரைகாரர் வேறுபடுத்துவர். ஒரே ஓசையில் படித்துச் செல்வார் இலக்கணத்தையே மறைக்கின்றனர். பண்ணார் கூறும் மெலிவு, சமன், வலிவு என்னும் மூவகையுள் தமக்கு இயல்பான சமனை நிலைக்களமாகக் கொண்டு, வேண்டுமிடத்து ஏறி இறங்குக.

காற்றும் களமும் நோக்குதல் வேண்டும். பிற்பகலில் மரக்காணத்துக் கடற்காற்று நிலம்நோக்கி வீசுங்கால், காற்றை எதிர்த்துக் கூவிய ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்போர் தலைக்குமேற் சென்றுவிடும். காற்றின்வழிக் கூவியது நெடுந்தொலைவு கேட்கும். வெயிலாற் சூடேறிய நிலமும் ஒலியை மேலே வளைக்கும். குளிர்ந்த வைகறையில் அது தாழ வளையும். அளத்து வரப்பில் விடியலிற் பேசிய பேச்சு எட்டக் கேட்பதும், நண்பகலில் கேளாததும் இதனாலேயே. வகுப்பறையில் காற்றாடியும் தெருவோசையும் அவ்விடத்தைப் பெறுகின்றன. இரைச்சல் மிக, நாம் அறியாமலே குரலை உயர்த்துகின்றோம் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் காட்டினார். ஆதலின் குரலோடு போராடுதற்கு முன் சன்னலைச் சாத்துக. ஒலிவாங்கி உளதேல் அதனை நாணாது கொள்க. அதன்முன்னும் கத்துவாரை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம்.

கம்மிய குரலுக்குக் கனைத்தல் மருந்தாகாது. கிசுகிசுத்தலும் ஓய்வாகாது, பலர்க்கு அது மிடற்றை இறுக்கவே செய்யும். அடிக்கடி நீர் அருந்தி வாய்பேசாதிருத்தலே ஓய்வு. மூன்று வாரம் கடந்தும் கம்மல் நீங்காதாயின் காது மூக்கு தொண்டை மருத்துவரை அடைதல் வேண்டும்.