பாய்மரப் படகில் ஒரு வாரம்: தனியாகப் போகும் பெண்களின் சந்தேகங்கள்

கிரீஸ் நாட்டின் மேற்குக் கரையோரம் லெஃப்கடா, மெகனீசி, இத்தாக்கா, கெஃபலோனியா என்று அயோனியன் கடல் தீவுகள் நெருங்கிக் கிடக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை அவற்றுக்கு நடுவே பாய்மரப் படகுகள் கூட்டமாகப் போய்வருகின்றன. பத்துப் பன்னிரண்டு படகுகள், வழிகாட்ட ஒரு படகு, ஒரு வாரம், தினம் ஒரு துறை. இதை 'ஃப்ளோட்டிலா' என்கிறார்கள். படகையே வாடகைக்கு எடுக்க வேண்டுமென்பதில்லை. சில நிறுவனங்களில் ஒரு படுக்கைக்கு மட்டும் பணம் கட்டி, சம்பளத்துக்கு ஓட்டும் படகோட்டியோடு மற்ற பயணிகளுடன் சேர்ந்துகொள்ளலாம். தனியாக வரும் பெண்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது இதைத்தான். போக ஆசைப்படும் நம் பெண்களுக்கு வரும் சந்தேகங்களைப் பார்ப்போம்.

முன்பின் தெரியாத ஆண்களோடு ஒரே படகில் ஏழு இரவு. பயப்பட வேண்டாமா?

இந்தப் பயம் நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளுகிற நிறுவனத்தில் பணம் கட்டாதீர்கள். 40 அடிப் படகில் பெரும்பாலும் மூன்று அறைகள், ஆறு பேர் படுக்கலாம். அறை என்றால் ஒரு படுக்கை, அதன் ஓரத்தில் ஒருவர் நின்று உடை மாற்றும் அளவுக்கு இடம், அவ்வளவுதான். கதவு உண்டு, தாழ்ப்பாள் படகுக்குப் படகு மாறும். தடுப்பு மெல்லிய பலகை என்பதால் பக்கத்து அறையில் இருமினால் கேட்கும்.

ஆகவே முன்பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். என் அறையில் இன்னொருவர் படுத்தால் அவர் பெண்தானா? பெண் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? படகோட்டி எங்கே படுப்பார்? மற்றவர்கள் தனித்தனியாக வருகிறவர்களா, ஏற்கெனவே பழகிய நண்பர் கூட்டமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஐந்து நண்பர்கள் எடுத்த படகில் ஆறாவது ஆளாக மாட்டிக்கொண்டால், யாரும் தொல்லை தராவிட்டாலும் அந்த வாரம் நீண்டுபோகும். பதில்கள் எழுத்தில் இருக்கட்டும். தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் அதைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

படகோட்டியே தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது?

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான சந்தேகம் இதுதான். கடலில் படகோட்டி சொல்வதை எல்லோரும் கேட்டாக வேண்டும். "உட்கார்" என்றால் உடனே உட்கார வேண்டும், "கயிற்றை விடு" என்றால் விட வேண்டும். காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்காவது அடிபடும். ஆனால் அந்த அதிகாரம் படகு ஓட்டுவதோடு நிற்க வேண்டும். யாரோடு பேசுவது, என்ன குடிப்பது, எப்போது தூங்குவது என்பதில் அவருக்கு வேலையில்லை.

அவருக்கு மேலே இன்னொருவர் இருக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஃப்ளோட்டிலாவில் இருப்பார்கள். வழிகாட்டிப் படகில் தலைமைப் படகோட்டி, இயந்திரம் பார்ப்பவர், பயணிகளைக் கவனிப்பவர் என்று தனிக் குழு வருகிறது. மாலையில் எல்லாப் படகுகளும் ஒரே துறையில் நிற்கும். நடந்து போய்ச் சொல்லலாம், வேறு படகில் இடம் கேட்கலாம். மாற்றித் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். பெண் படகோட்டி வேண்டுமென்றும் கேட்கலாம். பெண்கள் மட்டுமே போகும் வாரங்களும் உண்டு.

"என் படகில் கூடவர ஆள் தேவை, செலவைப் பகிர்ந்துகொள்வோம்" என்று தனியாட்கள் விடுக்கும் அழைப்பு வேறு விஷயம். நல்லவர்களும் அப்படி அழைக்கிறார்கள். ஆனால் அங்கே படகுக்காரர், படகோட்டி, முறையீட்டைக் கேட்பவர் எல்லாமே ஒருவர்தான். பணம் மிச்சம் என்பதற்காக, தனியாகப் போகும் பெண் முதல் பயணத்திலேயே இதில் இறங்கக்கூடாது.

பாதையையும் பாருங்கள். அயோனியனில் ஒரு நாள் ஓட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 கடல் மைல்தான். மாலையில் ஃபிஸ்கார்டோ, கியோனி, சிவோட்டா என்று உணவகமும் ஆள்நடமாட்டமும் உள்ள துறையில் கட்டுவார்கள். பிடிக்கவில்லையென்றால் காலையில் கிளம்புவதற்கு முன்பே இறங்கிவிடலாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வசதியாக பாஸ்போர்ட், வங்கி அட்டை, கைபேசி மூன்றும் நீர் புகாத சிறு பையில் எப்போதும் உங்களிடமே இருக்கட்டும். கிரீஸில் வாடகைப் படகு கிளம்பும் முன் அதில் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் தயாராக வேண்டும். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அவசர உதவிக்கு 112. கிரேக்கக் கடலோரக் காவலுக்கு 108.

எனக்கு நீச்சல் தெரியாது. கடல் கொந்தளித்தால்?

எந்தக் கடல், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. அயோனியனில் கோடைக்காலத்தில் காலை வேளை பெரும்பாலும் அமைதி. நண்பகலுக்குப் பிறகு வடமேற்கிலிருந்து காற்று எழும்பி, பொழுது சாயும்போது தணியும். தீவுகள் அணைபோல் நிற்பதால் அலை பெரிதாக வளர்வதில்லை. கிழக்கே ஏஜியன் கடல் அப்படியல்ல. ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' என்னும் வடகாற்று நாள்கணக்கில் பலமாக வீசும். சான்டோரினி படங்களைப் பார்த்து மயங்கி ஆகஸ்டில் அங்கே முதல் பயணத்தைப் போடாதீர்கள். அயோனியனில் ஜூனோ செப்டம்பரோ போதும்.

நீச்சல் தெரியாது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். துறையை விட்டுக் கிளம்பும்போதே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மறைக்கும்.

கொந்தளிப்பைவிட, அடிபடுவதற்குக் காரணமாக இருப்பவை சில்லறை விஷயங்கள். பாயின் அடியில் இருக்கும் கழி காற்று மாறினால் தலை உயரத்தில் சட்டென்று மறுபக்கம் வீசும். அந்தப் பாதையில் தலை இருக்கக்கூடாது. கயிறு இறுக்கும் உருளையில் விரல் சிக்கும். அங்கே துப்பட்டா, தொங்கும் பின்னல், மோதிரம் மூன்றும் ஆபத்து. கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். இன்னொன்று, இரவில் குடித்துவிட்டுச் சிறு ரப்பர் படகிலோ கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகையிலோ திரும்புவது. நீங்கள் குடிக்காவிட்டாலும், குடித்தவர் ஓட்டும் ரப்பர் படகில் ஏறாதீர்கள்.

குமட்டல் வரும் என்று தெரிந்தால் மாத்திரையை முன்பே போட வேண்டும். வந்தபின் போட்டால் பலன் குறைவு. எது ஒத்துவரும், எது தூக்கம் வரவழைக்கும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். உள்ளறையில் படுத்துக்கொண்டால் குமட்டல் கூடும். மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கழிவறை, மாதவிடாய், குளியல்... கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம். படகுக் கழிவறை ஓர் அலமாரி அளவுதான். பெரும்பாலான படகுகளில் கைப்பிடியை மேலும் கீழும் அடித்துத் தண்ணீரை உள்ளிழுத்துக் கழிவை வெளியேற்ற வேண்டும். முதல் நாளே செய்து காட்டச் சொல்லுங்கள். காகிதத்தைக்கூட அதில் போடக்கூடாது. நாப்கின் போனால் குழாய் அடைத்து மொத்தப் படகுக்கும் அவதி. ஒளி ஊடுருவாத சிறு பைகள் ஒரு கட்டு கொண்டுபோங்கள். துறையில் குப்பைத்தொட்டி இருக்கும். அந்த நாட்களில் கடலில் இறங்கியே ஆகவேண்டும் என்று யாரும் வற்புறுத்தக்கூடாது. வற்புறுத்தினால் "இன்று வேண்டாம்" என்றால் போதும். நல்ல தண்ணீர் தொட்டியளவுதான் என்பதால் படகில் அவசரக் குளியல், கரையில் வசதி கிடைத்தால் அங்கே நிதானக் குளியல். நீச்சலுக்கு லெக்கிங்ஸும் முழுக்கை பனியனும் தாராளமாகப் போடலாம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

ஒன்றும் தெரியாமல் போய் மூலையில் உட்கார்ந்திருப்பேனா?

உட்காரவே கூடாது. இந்தப் பயணத்தின் சுகமே வேலையில்தான் இருக்கிறது. துறையை விட்டு வெளியே வந்து, பாய் ஏறி, காற்று பிடித்ததும் இயந்திரத்தை நிறுத்துவார்கள். இரைச்சல் அடங்கி, படகு ஒரு பக்கம் சாய்ந்து தானாகப் போகத் தொடங்கும். அப்போது சுக்கானைக் கேட்டு வாங்குங்கள். முதலில் படகு பாம்புபோல் வளையும். கொஞ்ச நேரத்தில், காற்று கூடும்போது சுக்கான் கையை இழுப்பது பிடிபட்டுவிடும். பல படகுகளில் ஆண்களிடம் தானாகக் கயிறு போகும், பெண்களிடம் சமையல் கத்தி வரும். முதல் நாளே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கேரளத்தின் தில்னாவோடு 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார். படகில் இருந்தது அந்த இருவர் மட்டுமே. டோக்கியோ ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்று, அந்தப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆன நேத்ரா குமணன் சென்னைக்காரர். போவதற்கு முன் சென்னையிலேயே சில நாள் சிறு படகில் பயிற்சி எடுக்கலாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தால் உணரப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சைவச் சாப்பாடு?

கஷ்டமில்லை. காலை, மதிய உணவைப் பெரும்பாலும் படகிலேயே செய்துகொள்வார்கள். கரை உணவகங்களில் தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய மொச்சை, சோறு அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், கீரை வைத்துச் சுட்ட அப்பம் எல்லாம் கிடைக்கும். "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் விரத உணவைக் காட்டுவார்கள். இறைச்சி, பால், முட்டை இருக்காது. இறாலும் கணவாயும் இருக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கும் மூட்டை முடிச்சுக்கும் என்ன செய்ய வேண்டும்?

கிரீஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் சில, பாய்மரப் படகுப் பயணத்தைச் சேர்ப்பதில்லை. அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். பெட்டி மட்டும் கெட்டியான சக்கரப் பெட்டியாக இருக்க வேண்டாம். படகில் அதை வைக்க இடமே கிடையாது. காலி செய்ததும் மடித்துப் படுக்கைக்கடியில் செருகும் துணிப்பைதான் சரி.