வேடியப்பனும் நடுகல் வழிபாடும்

தருமபுரி மாவட்டத்து ஊர்ப்புறங்களில் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்பெறும் காவற்றெய்வத்தின் திருவுரு, பல இடங்களில், வில்லும் வாளும் ஏந்திய வீரனொருவனைப் புடைப்பாகச் செதுக்கிய பலகைக்கல்லேயாம். எண்ணெயும் மஞ்சளும் படிந்த அதன் மேற்பரப்பை ஊன்றி நோக்குவார்க்குச் சிலவற்றில் வட்டெழுத்து வரிகள் புலனாகும். அவற்றுள் தொறு என்பது ஆனிரை. பட்டான் என்பது போரில் மாண்டான் என்றவாறு. ஆனிரை காரணமாகப் பொருது உயிர்நீத்த மறவனுக்கு ஊரார் எடுத்த நடுகல்லே பின்னர்த் தெய்வமாயிற்று என்க.

இவ்வழக்கு மிகப் பழையது. காட்சி முதல் வாழ்த்து ஈறாகக் கல் நடும் துறைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலுள் வகுத்தோதினார். தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர்; அதனையாண்ட அதியமான் அஞ்சிக்கு நட்ட கல்லின்முன் நின்று ஔவையார் இரங்கிய பாட்டு புறநானூற்றுள் உளது. ஆந்திர நாட்டு நாகார்ச்சுனகொண்டையிலும் இறந்தார்க்கு நினைவுத்தூண்கள் உள. அவை மென்மையான சுண்ணாம்புக்கல்லால் ஆயவை. தகடூர் நாட்டிலோ வன்மையான கருங்கல்லே அதற்கு வாய்த்தது.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். கல்லில் நின்றவன் பிறந்து இறந்த ஓர் உயிர். வினைவயப்பட்ட பசு பிறிதொரு பசுவைக் காத்தல் யாங்ஙனம்? இதற்கு விடை சிவஞான சித்தியார் சுபக்கத்துள் உளது. வழிபடுவோர் எத்தெய்வத்தைக் கருதினும் அத்தெய்வமாய் வந்து பயன் அளிப்பவன் அம்மையப்பனே. ஏனைத் தெய்வங்கள் பிறப்பு இறப்புக்களும் துன்பமும் வினையும் உடையன ஆகலின், அவை இல்லாதவனே அறிந்து அருளவல்லன் என்பது அருணந்தி சிவாசாரியர் துணிபு. எனவே வேடியப்பனைத் தொழும் உழவன் பெறும் காவல் சிவபெருமான் அளித்ததே. ஆயினும் அவன் வேண்டுவது மாடும் பயிரும் ஆதலின், பயனும் அவ்வளவிற்றேயாம். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை இதற்கு மேற்கோளாக்குதல் பொருந்தாது. ஆண்டு அரன் எனத் தொழப்படுவன மெய்யடியார் திருவேடமும் ஆலயமுமே.

அதியமான்கோட்டைக் காலபைரவரையும் இதனோடு ஒப்பவைத்தல் பிழை. அவரும் காவற்கடவுளரே, எனினும் பைரவம் சிவபெருமான் தானே கொண்ட மூர்த்தம், மாண்டார்க்கு எடுத்த உருவன்று. பைரவர்க்கு நாய் ஊர்தியாதலும், நடுகற்கள் சிலவற்றில் நாயுருவம் காணப்படுதலும் கொண்டு இரண்டையும் இணைப்பாரும் உளராகலாம். அவ்விணைப்புக்குக் கல்லெழுத்திற் சான்றில்லை.

நாய் நிற்பதற்குக் காரணத்தை எடுத்தனூர்க் கல்லே கூறுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்ததாகிய அக்கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டினது. வீரன் பட்டபின், கோவிவன் என்னும் அவன் நாய் கள்வர் இருவரைக் கடித்து நின்று காத்தது என்பது அதன் செய்தி. இத்தகைய எழுத்துக்கள் மேன்மேலும் எண்ணெய் பூசப்பெற்று மறைவதால், தருமபுரியிற் பல ஊரார் தாம் நாளும் தொழும் வீரனின் பெயரை அறியார். நகரத்து அகழ்வைப்பகத்திற் சேர்ந்த கற்களுக்கோ பெயர் படிக்கப்பட்டுளது, விளக்கிடுவார் இலர்.